துண்டு கட்டிய கேட்

அன்று காலை வீட்டில் இருந்தது அப்பா மட்டும்தான். அம்மா இல்லை. அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவளுக்குத் துணையாகச் சேத்தியாத்தோப்பில் இருந்தாள். நான் இல்லை. சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கடலூர் போயிருந்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களும் இல்லை. ஏதோ கல்யாணத்துக்கு முதல்நாளே பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா இருந்தார். பத்து மணிக்கு எங்கள் கேட்வரை வந்தார். கேட்டில் துண்டு கட்டியிருந்தது. திரும்பிப் போய்விட்டார்.

உள்ளே அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அப்படி விழுந்தவரை எவ்வளவு சீக்கிரம் தூக்கிக்கொண்டு போகிறோமோ அவ்வளவு மிஞ்சும் என்பதை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

நான் எழுத வந்தது அந்தப் பெரியம்மாவைப் பற்றி. பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்பா பத்தொன்பது வருடம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்து பர்மனென்ட் ஆனவர். அதன் பிறகுதான் டவுன்ஷிப்பில் எங்களுக்கு ஒரு பழைய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் இடுப்பளவு இரும்புக் கேட். நாங்கள் சாமான் இறக்கிக்கொண்டிருந்த அன்றே பெரியம்மா வந்தார். வாசல்படிக்கு வெளியே செருப்போடு நின்றார். ஒரு கை கதவுச் சட்டத்தில்.

"குடிதண்ணி காலைல அஞ்சரைக்கு வரும், ஆறரைக்கு நின்னுடும். மொதல்ல செவப்பா வரும், பயந்துக்காத. ரெண்டு கொடம் கீழ ஊத்திட்டுப் புடி. பால்காரரு கிட்ட சொல்லிட்டேன், நாளைலருந்து அர லிட்டரு போடுவாரு. வேணாம்னா நீ சொல்லிடு. வரேன்."

"உக்காருங்கக்கா, டீ வெக்கறேன்" என்றாள் அம்மா.

"நான் உக்காந்தா உன் வேலயும் கெடும், என் வேலயும் கெடும்."

அம்மா டீயை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அன்று சாயங்காலம் அம்மா என்னிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். "அந்தம்மா எதுக்கு வந்திச்சி?" எனக்கு அந்தக் கேள்வி அப்போது விளங்கவில்லை. எங்கள் ஊரில், நிலம் வைத்திருக்கிறவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தால் வேலைக்குக் கூப்பிட வந்திருப்பார்கள். நடவுக்கு எத்தனை பேர், களைக்கு எத்தனை பேர், விடியற்காலம் எத்தனை மணிக்கு. எதையும் கேட்காமல் ஒருத்தர் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனது அம்மாவுக்கு அதுதான் முதல் முறை.

அதன் பிறகு தினமும் வந்தார். சில நாள் இரண்டு முறை. எந்த வருகையும் ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. டீ கொடுத்தால் பாதி டம்ளர், நின்றபடியே. அம்மா குழம்பு தாளிக்கும்போது வந்தால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவார், அவள் கரண்டியை விடவேண்டாம் என்பதற்காக. நான் படித்துக்கொண்டிருந்தால் என்னைப் பார்க்கவே மாட்டார்; தலையைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் சைகையில் பேசுவார். "ஒருத்தர் வூட்டுக்குப் போறது பெரிய விஷயமில்ல. அவுங்க மொகம் மாறுறதுக்கு முன்ன கெளம்பிடணும்" என்பார். யார் முகமும் மாறி நான் பார்த்ததில்லை. மாறுவதற்கு அவர் நேரம் கொடுத்ததில்லை.

தெருவில் பதினாறு வீடுகள். யார் வீட்டில் யார் எந்த ஷிப்ட் என்பது அவருக்கு மனப்பாடம். வாரம் மாறினால் ஷிப்ட் மாறும். அவர் மனதிலும் மாறிவிடும். இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும் ஷிப்டுக்குப் போய்வந்தவர்கள் பகலில் தூங்குவார்கள். அந்தத் தூக்கத்துக்குக் காவல் அவர்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு முந்தைய காலத்தில், அவர் வீட்டுக்காரர் ஒரு பகல் முழுக்கத் தூங்கவில்லையாம். காலையில் யாரோ வசூலுக்கு வந்தார்கள், மதியம் சொந்தக்காரர்கள், சாயங்காலம் பிள்ளைகளின் கிரிக்கெட். அப்படியே அன்றிரவும் வேலைக்குப் போய், காலையில் திரும்பும்போது சைக்கிளிலேயே கண் அசந்து சாக்கடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டில். அதற்குப் பிறகு பெரியம்மா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் தன் துண்டைக் கேட் கொண்டியில் கட்டிவிட்டுப் படுக்கவேண்டும். துண்டு கட்டிய வீட்டில் யாரும் தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, கேட்டைத் திறக்கவும் கூடாது. பால்காரர் பாக்கெட்டை மதில்மேல் வைத்துவிட்டுப் போவார். சிலிண்டர் போடுகிற தம்பி தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, சிலிண்டரை உருட்டாமல் தோளில் தூக்கி வருவான்.

யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஆனால் பதினாறு வீடும் கேட்டது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் அது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரிந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். தெருவுக்குள் நுழையும்போதே டிரைவர் ஹாரன் அடித்தார். நாங்கள் வாசலுக்கு ஓடுவதற்குள் பெரியம்மா வேன் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"அடிக்காதப்பா. நாலு வூட்ல தூங்கறாங்க."

"பொண்ணு பாக்க வந்திருக்கோம்மா" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"பொண்ணு எங்கயும் ஓடிடாது. வண்டிய அந்த பாதாம் மரத்தாண்ட வுட்டுட்டு நடந்து வாங்க. செருப்பு சத்தம் வராம வாங்க."

பதினாலு பேர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு திருடர்கள் மாதிரி நடந்து வந்தார்கள். அம்மா வெட்கத்தில் செத்துப்போனாள். அந்தச் சித்தப்பா மட்டும் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், உள்ளே வருவதற்கு முன் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, "நடக்கலாமா, தவழ்ந்து வரணுமா?" என்று கேட்பார்.

சிரித்தோம். ஆனால் அப்போதே எனக்குள் சின்னதாக ஒரு சங்கடம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வந்து, துண்டைப் பார்த்துவிட்டு, தன் அப்பாவை எழுப்பாமல் கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. பெரியம்மா அதைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய் ஈரத்துணி போட்டார். கேட்டைத் திறக்கவில்லை. "எவ்வளவு பொறுப்பான புள்ள" என்று தெருவே பாராட்டியது. நானும் பாராட்டினேன்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். பி.ஏ. ஆங்கிலம். அதனால் தெருவில் யாருக்கு எந்த ஃபாரம் வந்தாலும் என்னிடம் வரும். பெரியம்மா ஒன்றும் கேட்டு வந்ததில்லை. ஒரே ஒருமுறை தவிர.

அவருடைய ஒரே மகன் பெங்களூரில் வேலை. மருமகள் வடநாட்டுப் பெண், தமிழ் தெரியாது. பெரியம்மா ஒரு மாதம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர் ஒன்பதாம் நாள் திரும்பிவிட்டார். அடுத்த நாள் எங்கள் வாசலில் வந்து நின்று, அம்மாவை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, 'ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்' இத இங்கிலீஷ்ல எப்பிடி சொல்றது?"

"எதுக்குப் பெரிம்மா?"

"அங்க எதிர் வூட்டுக் கதவத் தட்டுனேன். ஒரு பொண்ணு கதவ நாலு வெரல் தொறந்து, சங்கிலியக் கழட்டாம, எஸ்ஸுங்குது. எனக்கு என்ன வேணுமாம். எனக்கு என்னா வேணும்? ஒண்ணும் வேணாம்னுதான வந்தேன். அதச் சொல்லத் தெரியல. சிரிச்சிட்டு வந்துட்டேன். சாயந்தரம் பையன் சொல்றான், இங்கல்லாம் அப்பிடிப் போகக்கூடாதும்மா, போன் பண்ணிக் கேட்டுட்டுதான் போகணும்னு. போன் பண்ணிட்டுப் போறதுக்குப் பேரு வேற இல்ல?"

அன்றிரவு நான் அகராதியையும் செல்போனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவருக்கு ஏதோ ஒன்றை என்னால் கொடுக்க முடியும் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. காலையில் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ட்ராப் இன். பாப் இன். ஸ்டாப் பை. லுக் இன். கால் ஆன். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அஞ்சு பேரு வச்சிருக்கான்னா அஞ்சு விதமா போறான்னுதான அர்த்தம்? ஒவ்வொண்ணாச் சொல்லு."

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் நம் தெருவுக்குள் கொண்டுவந்து வைத்தார். மார்க்கெட் போகிற வழியில் பையைக் கீழே வைக்காமல் பேசுவது ஸ்டாப் பை. செருப்பைக் கழற்றாமல் வாசலோடு வந்து போவது பாப் இன். செருப்பைக் கழற்றினால், பாதி டம்ளர் டீ குடித்தால், ட்ராப் இன். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவது லுக் இன். அதில் பேச்சு குறைவாகவும் பார்வை அதிகமாகவும் இருக்கவேண்டும். கால் ஆன் என்பது ஆபீசர் பங்களாவுக்குப் பழத்தோடு போவது, அது நமக்கு வேண்டாம் என்று அதை மட்டும் அடித்துவிடச் சொன்னார்.

பெங்களூருக்கு அவர் அதைக் கொண்டுபோனாரா தெரியாது. தெருவில் பரவிவிட்டது. "என்னாக்கா, பாப் இன்னா?" என்று சிலிண்டர் தம்பி கேட்பான். "இல்லடா, ஸ்டாப் பை. கையில பை இருக்குது பாரு" என்பார். அம்மாவுக்கு டைபாய்டு வந்து பன்னிரண்டு நாள் கிடந்தபோது ஒரு நாளைக்கு ஆறு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, உள்ளே அம்மா காதில் விழும்படி, "லுக் இன்" என்பார். அம்மா படுத்தபடியே சிரிப்பாள். ஒரு நிமிடம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடம் கஞ்சிப் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார். போய்விடுவார். அந்த ஆறு வருகைகளுக்கு நடுவில்தான் அம்மா பிழைத்து எழுந்தாள் என்று அப்பா சொல்வார்.

இதெல்லாம் சொன்னால்தான் அன்று நடந்தது புரியும்.

அன்று அப்பா காலை ஆறே முக்காலுக்கு வந்தார். நான் இட்லி வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் கேட்டில் துண்டைக் கட்டிக்கொண்டே, "ஒரிஜினல் எல்லாம் எடுத்துக்கினியா?" என்றார். எடுத்துக்கொண்டேன் என்றேன். அப்பா வாயிலிருந்து நான் கேட்ட கடைசி முழு வாக்கியம் அதுதான்.

பத்து மணிக்குப் பெரியம்மா வந்தார். அம்மா ஊரில் இல்லாததால், அப்பாவுக்கு மதியத்துக்கு என்ன என்று கேட்க வந்தாராம். துண்டைப் பார்த்து நின்றார். அப்போது உள்ளே ஒரு சொம்பு விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கொண்டியில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். தூக்கத்தில் கைபட்டு விழுந்திருக்கும், இப்போது கூப்பிட்டால் தூக்கம் கலைந்துவிடும் என்று நினைத்தார். பூனை மாதிரி நடந்து தெருவைக் கடந்தார்.

பதினோரு மணிக்கு அம்மா சேத்தியாத்தோப்பிலிருந்து அவருக்குப் போன் செய்தாள். "அவரு போன எடுக்கலக்கா. ரெண்டு தடவ பண்ணிட்டேன்."

"தூங்கறாரும்மா. துண்டு கட்டியிருக்குது. நான் இப்பதான் பாத்துட்டு வந்தேன்."

அவர் பார்த்தது துண்டை. அம்மா கேட்டது அப்பாவை. இருவருக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அம்மா நிம்மதியாகப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போனாள். பன்னிரண்டரைக்கு அப்பாவோடு வேலை செய்கிற ஒருத்தர், டிபன் பாக்ஸை அப்பா பஸ்ஸில் விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கேட்டைத் திறக்கப் போனபோது பெரியம்மா தன் வாசலிலிருந்து கையை ஆட்டித் தடுத்தார். "எழுப்பாத தம்பி. எங்கிட்டக் குடு. சாயந்தரம் குடுத்துக்கறேன்."

இரண்டே முக்காலுக்கு நான் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. அப்பாவின் கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை அவருக்கு அடியில் மடங்கியிருந்தது. அதை எடுக்கவேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. பெரியம்மா கத்தியது நினைவிருக்கிறது. யாரையும் எழுப்பாமல் நடக்கிற அந்தப் பெண்மணி, செருப்பில்லாமல் நடுத்தெருவில் ஓடி, துண்டு கட்டிய ஒவ்வொரு கேட்டையும் பிடித்து உலுக்கினார். "எழுந்திருங்க. யாராவது எழுந்திருங்க." தூக்கக் கலக்கத்தோடு நான்கு ஆண்கள் லுங்கியை முடிந்துகொண்டு ஓடிவந்தார்கள். அவர்கள்தான் அப்பாவை வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒன்றைத்தான். எப்போது ஆரம்பித்தது? யாருக்கும் தெரியாது, தெரிய வழியும் இல்லை. பின்னாலிருந்து பெரியம்மா முன்னால் வந்தார்.

"பத்து மணி சார். உள்ள சொம்பு உருண்ட சத்தம் கேட்டுச்சி. நான் கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன். தூங்கறாருன்னு போயிட்டேன்."

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பத்து மணி உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க எப்பப் பாத்தீங்க?"

"ரெண்டே முக்கால் சார்."

"அப்பதான் வந்தீங்களா?"

"ஆமா சார்."

அடைப்பைக் கரைக்கிற மருந்துக்கு நாலரை மணி நேரக் கெடு இருக்கிறது, அது தாண்டிவிட்டது என்று அவர் பொறுமையாக விளக்கினார். உயிருக்கு ஆபத்தில்லை. வலது பக்கம் எவ்வளவு திரும்பும், பேச்சு எவ்வளவு வரும் என்று இப்போது சொல்லமுடியாது. பக்கத்தில் நின்ற பெரியம்மா அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார், வகுப்பில் பிள்ளைகள் ஆட்டுவதுபோல.

அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எந்த வீட்டுக்குமே போகவில்லை. மார்க்கெட்டுக்குப் பின் தெரு வழியாகப் போனார். சிலிண்டர் தம்பி இரண்டு முறை, "என்னாக்கா, ஸ்டாப் பை இல்லையா?" என்று கேட்டுப் பார்த்தான். மூன்றாவது முறை கேட்கவில்லை. தெருவில் துண்டு கட்டுவது நின்றுபோனது. யாரும் சொல்லி நிறுத்தவில்லை. வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. பகலில் தூங்கியவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

அம்மா வெளியில் யாரிடமும் அவரைக் குறை சொல்லவில்லை. "அக்கா வேணும்னா செஞ்சிச்சி?" என்பாள். ஆனால் அவர் வீட்டுக்காரர் ஒருநாள் ரசம் கொண்டுவந்தபோது, "இவருக்குப் புளி ஆவாதுண்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாத்திரத்தை அவர் தூக்கிக்கொண்டு தெருவைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊர் பூராப் பாக்கறவங்களுக்கு, நம்ம வூட்டுக் கதவ ஒரு தள்ளு தள்ளிப் பாக்கத் தோணலியே."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. அப்பா உட்காரப் பழகினார். இடது கையால் சாப்பிடப் பழகினார். ஒரு சொல், இரண்டு சொல் வரும். மூன்றாவதைத் தேடும்போது கண் கலங்கிவிடும். பெரியம்மாவின் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். பெங்களூருக்கு மகனிடம் போகிறார்கள் என்று தெரிந்தது.

சாமான் ஏற்றும் நாளுக்கு முந்தைய நாள் மதியம் நான் தெருவைக் கடந்து போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் தரையில் உட்கார்ந்து எவர்சில்வர் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எட்டு மாதத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது.

"வா தம்பி. நிக்காத, உள்ள வா. எங்க வூட்டுக்கு நீ வந்ததே இல்ல. எப்பவும் நான்தான் வருவேன்."

நான் வாசலிலேயே நின்றேன். எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"பெரிம்மா, அன்னிக்கு நான் ரெண்டே முக்காலுக்கு வரல. ரெண்டு மணிக்கே வந்துட்டேன்."

அவர் சுற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

நடந்தது இதுதான். கடலூரில் வேலை சீக்கிரம் முடிந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தேன். இரண்டு மணிக்குக் கேட்டருகில் நின்றேன். துண்டைப் பார்த்தேன். அப்பா தூங்கட்டும் என்று, தெருமுனையில் பாதாம் மர நிழலில் இருந்த சாக்கடைக் கல்வெர்ட்டில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தேன். சரிபார்ப்பில் எல்லாம் சரியாக இருந்ததால் சந்தோஷமாக இருந்தேன். நண்பர்களுக்கு மெசேஜ் அனுப்பினேன். பசித்தபோதுதான் எழுந்தேன்.

"எங்க உக்காந்திருந்த?" என்றார் பெரியம்மா.

"கல்வெர்ட்டுல."

"தெரியும். நான் ஜன்னல்லருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். நல்ல புள்ள, அப்பாவ எழுப்பாம உக்காந்திருக்கு பாருன்னு நெனச்சேன்."

கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர் கேட்டப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. ஏன் சொல்லல?"

"நான் பண்ணதுக்கு நான் சொன்னேன். உன்னுது நீ சொல்லணும்." அவர் மறுபடியும் டம்ளரை எடுத்துத் தாளில் சுற்றினார். "இன்னிக்கு சொல்லுவான், நாளைக்கு சொல்லுவான்னு இருந்தேன். உங்கம்மா மொகத்தப் பாக்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். சொன்னா, ஒரே நாள்ல அவளுக்குப் புருஷன் படுத்துக் கெடக்கற வேதன பத்தாம புள்ள மேல தாங்கலும் வந்துடும். அதான் அந்தப் பக்கமே வரல."

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை பாத்திரம் சுற்றினார்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல பெரிம்மா."

"நான் போன பெறகு சொல்லாத. நான் இருக்கும்போதே சொல்லு."

எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு எங்கள் கேட்டை அவர் திறந்தார். அம்மா அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது. அப்பாவின் முகத்தில் இடது பக்கம் மட்டும் மலர்ந்தது. "அக்கா" என்றார். அந்தச் சொல் தெளிவாக வந்தது.

பெரியம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "தம்பி ஒண்ணு சொல்லணுமாம். கேட்டுக்க" என்றார். அதோடு சரி.

நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கல்வெர்ட்டைச் சொன்னேன். மெசேஜ் அனுப்பியதைச் சொன்னேன். டாக்டரிடம் ஆமா சார் என்றதைச் சொன்னேன். அப்பா கண்ணை மூடித் திறந்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் அவரால் சொல்லமுடியாது.

அம்மா சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். கையைக் கழுவவில்லை. பள்ளிக்கூடம் பார்க்காதவள், எதையும் விரல்விட்டுத்தான் எண்ணுவாள். பருக்கை ஒட்டிய கட்டைவிரல், ஒவ்வொரு விரலாகத் தொட்டு மெதுவாக நகர்ந்தது. முதலில் பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"பத்துலருந்து ரெண்டு. நாலு மணி நேரம் அக்காவோடது. அப்பறம் முக்கா மணி நேரம் இவனோடது" என்றாள். "ஆக மொத்தம் நாலே முக்கா மணி நேரம்."